இடது மட்கார்டுக்குப் பிரைமர்

மார்ச் 4

என் அன்புக்குரியவருக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எனக்கும் சின்னவளுக்கும் சளியைத் தவிர வேறு குறையில்லை. நீங்கள் கேட்டிருந்தால் இதை இன்னும் விரிவாகச் சொல்லலாம். நீங்கள்தான் ஒரு வரியும் கேட்பதில்லையே. பார்க்க வராதே என்று சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. போன கடிதத்தில் மொத்தம் ஏழு வரி. எண்ணிப் பார்த்தேன். அதில் இரண்டு வரி வானிலை.

சரி, சண்டை போட இதை எழுதவில்லை. வண்டி வந்துவிட்டது.

வழக்கு முடிந்து, உத்தரவு கைக்கு வந்து, அலைந்து திரிந்து ஒருவழியாகப் போன வாரம் மீட்டேன். பதிமூன்று மாதம் மழையிலும் வெயிலிலும் போலீஸ் கொட்டகைக்கு வெளியே கிடந்திருக்கிறது. பின்கதவில் குருவி கூடு கட்டியிருந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. டிங்கர் அண்ணன் கயிறு கட்டி இழுத்துவந்து, நம் துணி காயப்போடும் முற்றத்துக்குப் பக்கத்திலிருக்கும் அவர் ஷெட்டில் நிறுத்தினார். இடது மட்கார்டையும் கதவையும் மூன்று நாள் உட்கார்ந்து தட்டி நிமிர்த்திவிட்டார். முன்பக்கம் இப்போது நேராக இருக்கிறது.

ஆனால் தட்டிய இடமெல்லாம் பெயிண்ட் உதிர்ந்து வெறும் தகடாக நிற்கிறது. பெயிண்டர் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவாராம். அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும், தகடு மறுபடி துரு ஏறிவிடும். “பிரைமராவது அடிச்சு வெச்சுட்டா தகடு தப்பிச்சுக்கும்மா. ஆனா எனக்குத் தட்டத்தான் வரும், அடிக்க வராது” என்றார் அண்ணன். கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் அவரிடமே இருக்கிறது. ஆகவே நான் அடிக்கப்போகிறேன்.

அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். நானும் சின்னவளும் லாட்ஜுகளுக்குத் தள்ளுவண்டியில் துணி கொண்டுபோவது எத்தனை நாளைக்கு முடியும்? அவள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாமா?

இந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம்.

உங்கள்,
வாயாடி

•

மார்ச் 13

வாயாடிக்கு,

அந்த வண்டியை எடைக்குப் போட்டுவிடு.

நீ கஷ்டப்படுவது தெரியாமல் சொல்லவில்லை. வேறு ஒரு வண்டி, பழையதோ சின்னதோ, பார்த்துக்கொள்ளலாம். அது மட்டும் வேண்டாம். கண்ணை மூடினால் அந்த மட்கார்டுதான் வருகிறது. நீ அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வாசலில் நிறுத்திவைத்தால், நான் வெளியே வந்ததும் முதலில் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இங்கேயும் துணி துவைக்கிற இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள். இவர்கள் மடிக்கிற அழகைப் பார்த்தால் நீ அடித்துவிடுவாய்.

சின்னவளுக்குச் சளி என்றாயே, குறைந்ததா?

நான் சொன்னதைக் கேட்கமாட்டாய் என்று தெரியும். அதனால் இதையும் எழுதுகிறேன். அடிக்கும்போது மூக்கையும் வாயையும் சரியாக மூடிக்கொள். கைக்குட்டை போதாது. கடையில் அதற்கென்றே மாஸ்க் இருக்கும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

•

மார்ச் 22

என் அன்புக்குரியவருக்கு,

சளி குறைந்துவிட்டது. மாஸ்க் வாங்கிவிட்டேன். வண்டியை எடைக்குப் போடவில்லை. கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டேனா?

சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

மூன்று நாள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது, போன் என் விரலை அடையாளம் தெரியவில்லை என்கிறது. பள்ளமான இடத்தில் அண்ணனே பட்டி பார்த்துக் கொடுத்தார். அதையும் தேய்த்தேன். கண்ணாடி, விளக்கு, டயர் எல்லாவற்றுக்கும் பழைய பேப்பர் சுற்றி டேப் ஒட்டினேன். உடம்பெல்லாம் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற நோயாளி மாதிரி இருந்தது வண்டி. சின்னவள் ஒட்டிய பேப்பரில் இருந்த குறுக்கெழுத்தைப் போட ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் கன்னைப் பிடித்தேன். குதிரை என்கிற அதன் விசையை அழுத்தினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். பயந்துபோய் கையை அசைக்காமல் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவில் பிரைமர் கோடு கோடாக இறங்குகிறது, அழுத முகத்தில் மை கரைந்து வழிகிற மாதிரி. வழிகிறதே என்று பின்னால் நகர்ந்தேன். ரொம்ப தூரம் போய்விட்டேன் போலிருக்கிறது, தகட்டில் ஒட்டாமல் மாவு மாவாகப் படிந்தது. இதற்குள் காற்று திரும்பியது. என் தலை, புருவம், எல்லாம் சாம்பல். “அம்மாவுக்கு ஒரே நாள்ல நரைச்சிடுச்சு!” என்று சின்னவள் தெருவுக்கே அறிவித்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. முற்றத்துக் கொடியில் பன்னிரண்டு வெள்ளைத் தலையணை உறைகள் காய்ந்துகொண்டிருந்தன. எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டும் சாம்பல்.

அன்றைக்கு ஷெட் வாசலில் உட்கார்ந்து அழுதேன். பிரைமருக்காக அழுதேன் என்றுதான் அண்ணன் நினைத்திருப்பார்.

நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்கள். அதற்காகவாவது இருந்திருக்கலாம்.

உங்கள்,
நரைத்த வாயாடி

•

மார்ச் 30

என் வாயாடிக்கு,

சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை. சிரித்துவிட்டேன். அதுவும் சத்தமாக. இங்கே வந்த பிறகு இதுதான் முதல் தடவை என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார். என்ன விஷயம் என்று விடாமல் கேட்டார். கதவு வழிந்த கதையைப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அவர் பெயிண்டராம். இருபது வருடம் பஸ்ஸுக்கும் லாரிக்கும் அடித்தவர். எப்படி இங்கே வந்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. “தங்கச்சிக்கு எழுதுங்க, நான் சொல்றேன்” என்று கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வழிந்ததை ஈரமாக இருக்கும்போது தொடவே கூடாதாம். நன்றாகக் காயவிட்டு, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அளவுக்குப் பள்ளம் விழுமாம். முதலில் கம்ப்ரஸர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடு. பிரைமரை மெல்லிய துணியில் வடிகட்டு. எவ்வளவு தின்னர் என்று டப்பாவில் போட்டிருக்கும், உன் இஷ்டத்துக்கு ஊற்றாதே. (இது அவர் சொன்னதில்லை, நான் சொல்வது. உன் சமையல் எனக்குத் தெரியும்.)

எடுத்த எடுப்பில் வண்டிமேல் அடிக்கக் கூடாது. ஒரு அட்டையில் அடித்துப் பார். தகட்டுக்கும் கன்னுக்கும் நடுவே ஒரு சாண் தூரம். அதே சாண் கடைசி வரை. மணிக்கட்டை ஆட்டினால் நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மாவாகவும் விழும். கை முழுவதும் நகர வேண்டும். தகடு ஆரம்பிப்பதற்கு முன்பே குதிரையை அழுத்து, தகடு முடிந்த பிறகு விடு. முதல் பூச்சில் தகடு முழுசாக மறைய வேண்டும் என்று ஆசைப்படக் கூடாதாம். “தகடு தெரியட்டும். தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது. பதினஞ்சு நிமிஷம் விட்டு அடுத்தது. பொறுமைதான் தங்கச்சி பெயிண்டு” என்கிறார்.

அந்த வண்டி எனக்கு இன்னும் வேண்டாம்தான். ஆனால் ஆரம்பித்ததை அரைகுறையாக விடாதே.

கொடியில் இருப்பதை எடுத்துவிட்டு அடி.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: கடிதம் படிக்கிற ஐயா தன் ஸ்கூட்டருக்கு இதையெல்லாம் குறித்துக்கொண்டார்.

•

ஏப்ரல் 12

என் அன்புக்குரியவருக்கு,

பெயிண்டர் அண்ணனுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். வந்துவிட்டது!

அட்டையில் நாலு தடவை அடித்துப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இது இஸ்திரி போடுகிற கை. ஒரு ஓட்டு ஓட்டி, அடுத்த ஓட்டு அதில் பாதிமேல் ஏறி, அதற்கடுத்தது அதில் பாதிமேல். பதினாறு வருடமாக நான் செய்வதுதானே? ஒரே வித்தியாசம், பெட்டியை அழுத்த வேண்டும், இதில் தகட்டைத் தொடவே கூடாது. முதல் பூச்சில் தகடு பல்லைக் காட்டியது. காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரம் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன், பார்த்தால் கை சும்மா இருக்காது என்று. இரண்டாவது பூச்சில் கதவு முழுசாக மூடிக்கொண்டது. ஒரு சொட்டு வழியவில்லை. டிங்கர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இனிமே அந்தப் பெயிண்டர் எதுக்கும்மா?” என்றார்.

இதோடு நிறுத்திவிட்டு நல்ல செய்தி மட்டும் அனுப்பலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். முடியவில்லை.

மட்கார்டுக்கு இரண்டாவது பூச்சு அடித்து முடித்துக் கன்னைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா ஷெட் வாசலில் நின்றார். கையில் பை, காலில் தேய்ந்த செருப்பு. யாரோ துணி போட வந்தவர் என்று நினைத்தேன்.

“இதுதானே அந்த வண்டி?” என்றார்.

நம் வண்டியில் அடிபட்டு இறந்துபோன பூட்டுக்காரரின் மனைவி. கோர்ட்டில் தூரத்திலிருந்து பார்த்ததால் சட்டென்று தெரியவில்லை.

“ஆமாங்க” என்றேன்.

“எந்த இடத்துல?”

பொய் சொல்லத் தோன்றவில்லை. கையைக் காட்டினேன். அவர் நேராகப் போய் மட்கார்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். ஈரம் காயவில்லை என்று நான் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துப் பார்த்துப் பதறிவிட்டார்.

“ஐயோ, ஈரமா? தொட்டுட்டேனே. கெட்டுப் போச்சா?”

“பரவாயில்லைங்க. காஞ்சதும் தேச்சுட்டு மறுபடி அடிச்சுக்கலாம்.”

துணியில் தின்னர் நனைத்து அவர் கையைத் துடைத்துவிட்டேன். ஒவ்வொரு விரலாக. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. துடைத்துக்கொண்டிருக்கும்போதே பேசினார். குரல் உயரவே இல்லை.

“உங்க வீட்டுக்காரர் கண்ணுல வெயில் அடிச்சுதுன்னு கோர்ட்டுல சொன்னாரு. அன்னைக்கு வெயிலே இல்லம்மா. காலையிலேருந்து மேகம். துணி காயலன்னு நான் அவர்கிட்ட புலம்பிக்கிட்டே சாவிக்கொத்த எடுத்துக் குடுத்தேன், அவரு சைக்கிள எடுத்துக்கிட்டுக் கிளம்புனாரு. ஒரு வருஷமா அந்த வானத்தையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். தூங்கிட்டாரா? குடிச்சிருந்தாரா? எதுவா இருந்தாலும் சரி, நடந்தது என்னன்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்.”

“கேட்டுச் சொல்றேங்க” என்றேன். அவர் போய்விட்டார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேனே, அது முழு உண்மை இல்லை. எனக்கு ஏற்கெனவே தெரியும்.

துணி காயவைத்துப் பிழைக்கிறவள் நான். அன்றைக்கு வெயில் இல்லை என்பது எனக்கா தெரியாது? நீங்கள் கோர்ட்டில் வெயில் என்று சொன்னபோதே தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. ஏதோ காரணம் இருக்கும், கேட்டால் தாங்கமுடியாது என்று விட்டுவிட்டேன்.

வண்டி வந்த அன்று உள்ளே சுத்தம் செய்தேன். முன்சீட்டுக்கும் இடது கதவுக்கும் நடுவே ஒரு மூட்டை நசுங்கிக் கிடந்தது. காணாமல்போனதாக லாட்ஜில் சொன்ன ஆறு படுக்கை விரிப்புகள். அன்றைக்குக் காயாமல் கடைசியாக வந்த மூட்டை. பின்பக்கம் ஏற்ற நேரமில்லாமல் நான்தான் ஓடிவந்து உங்கள் பக்கத்து சீட்டில் போட்டேன். எப்போதும் இரண்டு முடிச்சு போடுவேன். அதில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் பாதி அவிழ்ந்து. மேல் விரிப்பு சரிந்து வெளியே வந்திருந்தது. அதில் உங்கள் கை பிடித்த மடிப்புகூட அப்படியே இருந்தது.

வளைவில் சரிந்திருக்கிறது. அழுக்காகிவிடுமே என்று கை நீட்டியிருக்கிறீர்கள். அதுதானே?

அந்த முடிச்சைப் போட்டது நான். அதை என்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் வெயில்மேல் பழி போட்டீர்கள், அதற்காகத்தான் என்னைப் பார்க்கவும் வரவேண்டாம் என்கிறீர்கள். முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். பிரைமர், தலையணை உறை என்று சிரிக்கச் சிரிக்க எழுதிக்கொண்டு தள்ளிப்போட்டேன்.

என்னைக் காப்பாற்றியது போதும். அந்த அம்மாவுக்கு எழுதுங்கள்.

உங்கள்,
வாயாடி

•

மே 3

என் அன்புக்குரியவருக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதை மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள்.

மட்கார்டில் அந்தக் கை பதிந்த இடம் அப்படியே இருந்தது. ஐந்து விரலும் தெரிந்தது. தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் ஷெட் பக்கமே போகவில்லை. நடுவில் ஒருநாள் தூறல் போட்டது, போய்ப் பார்த்தால் பிரைமர் மெலிந்த இடத்தில், கட்டைவிரல் பக்கம், லேசாகத் துரு. வேறு வழியில்லை என்று உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். கட்டையில் பேப்பரைச் சுற்றித்தான் தேய்த்தேன் என்று பெயிண்டர் அண்ணனிடம் சொல்லுங்கள். மூன்று மெல்லிய பூச்சு அடித்தேன். சீராக வந்திருக்கிறது.

இப்போதைக்கு டிங்கர் அண்ணனின் மனைவி வண்டியை ஓட்டுகிறார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பிள்ளைகளை இறக்கிவிட்டு நம் துணியை ஏற்றிக்கொண்டு போகிறார். மூட்டை எல்லாம் பின்பக்கம்தான்.

அந்த அம்மா இன்னும் வரவில்லை. வந்தால் என்ன சொல்வது?

உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தால் இத்தனை பக்கம் எழுதுவேனா?

உங்கள்,
வாயாடி

•

மே 19

என் வாயாடிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ எழுதியது சரி. வளைவில் மூட்டை சரிந்தது, மேல் விரிப்பு கீழே போயிற்று. காலையில் நீ ஈரத்துணியோடு மல்லாடியது கண்முன் வந்தது. மறுபடி துவைக்க வேண்டியிருக்குமே என்று கையை நீட்டினேன். ஒரு நொடி. நிமிர்ந்தபோது முன்னால் சைக்கிள்.

ஒன்றை மட்டும் நீ மாற்றிக்கொள்ள வேண்டும். முடிச்சைப் போட்டது நீ. கையை நீட்டியது நான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நீட்டியிருக்கலாம். ஓட்டுகிறவனுக்கு ரோடுதான் முக்கியம், படுக்கை விரிப்பு இல்லை. முடிச்சு அவிழ்ந்ததற்கு யாரும் சாகமாட்டார்கள். இதை உன்னிடம் சொன்னால் நீ கணக்கை உன் தலையில் ஏற்றிக்கொள்வாய் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, “என்னதாங்க ஆச்சு அன்னைக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாயில் வந்திருக்கும். அதனால்தான் வராதே என்றேன். அது உன்னைக் காப்பாற்றுவது என்று நினைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு பெண்ணை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவைத்திருக்கிறேன் என்று தோன்றவில்லை.

அந்த அம்மாவுக்கு எழுதிவிட்டேன். மூன்று வாரமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் எழுதியதெல்லாம் எனக்குச் சாதகமாகவே வந்தது. துணி கெட்டுவிடுமே, மனைவி பாவமே என்று. கிழித்துப் போட்டேன். பெயிண்டர், “நடந்ததை மட்டும் எழுதுங்க, மெல்லிசா எழுதுங்க” என்றார். ஐந்தாவது தடவை அரைப் பக்கம் வந்தது. உன்னைப் பற்றியோ முடிச்சைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை. படிக்கிற ஐயா படித்துவிட்டு உடனே முத்திரை குத்தினார். வழக்கமாக மூன்று நாள் கிடக்கும் கடிதம் அன்றைக்கே போய்விட்டது.

நேற்று பதில் வந்தது. மொத்தம் இரண்டு வரி. “உங்கள் கடிதம் கிடைத்தது. இனிமேல் நான் மேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.” மன்னித்தேன் என்று எழுதவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அது சரியா தப்பா என்று தெரியவில்லை, ஆனால் தூங்கினேன்.

வருகிற ஞாயிறு பார்வை நாள். சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா. நிறையப் பேச வேண்டும். நீ பேசு, நான் கேட்கிறேன்.

பஸ்ஸில் வராதே. வண்டியிலேயே வா. அண்ணி ஓட்டட்டும். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் ஒரு ஜன்னல் இருக்கிறது, எட்டி நின்றால் வெளிவாசல் தெரியும். பெயிண்டர் காலையிலிருந்தே அங்கே இடம்பிடிக்கப் போகிறாராம். அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும் என்று கேட்டேன். வழிசல் இருந்தால் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும் என்கிறார்.

அவர் மட்கார்டைப் பார்க்கட்டும். நான் வண்டியை விட்டு இறங்குகிறவளைப் பார்க்கிறேன்.

உன் வீட்டுக்காரன்